பதினான்கு வருட ஐ10: வைத்துக்கொள்வதா, விற்பதா?

பழைய காரை என்ன செய்வது என்று யாரிடம் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். "இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓட்டலாம்" என்பார் ஒருவர். "இப்பவே தள்ளிவிடுங்க, அப்புறம் எவனும் தொடமாட்டான்" என்பார் அடுத்தவர். இருவரும் வண்டியைத்தான் பார்க்கிறார்கள். அது இனி எந்தச் சாலையில், யாரை ஏற்றிக்கொண்டு ஓடப்போகிறது என்று கேட்பவர் குறைவு. எங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானித்தது அந்தக் கேள்விதான்.

எங்களுடையது 2011 மாடல் ஹூண்டாய் ஐ10, 1.2 கப்பா பெட்ரோல் இன்ஜின், மேக்னா வகை. டி.என். 45 நம்பர், சிங்கிள் ஓனர், ஓடியது எண்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பக்கம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், காந்தி மார்க்கெட், ஸ்ரீரங்கத்தில் அம்மா வீடு, எப்போதாவது தஞ்சாவூர் என்று திருச்சியைச் சுற்றியே ஓடிய வண்டி. இப்படியே ஓடிக்கொண்டிருந்திருந்தால் விற்கும் பேச்சே வந்திருக்காது. 2025-ல் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. என் கணவருக்குப் பெரம்பலூருக்கு மாற்றல் வந்தது. அலுவலக நண்பர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு தினமும் நாற்கரச் சாலையில் போய்வர வேண்டியதாயிற்று. இன்னொன்று, ஆர்.சி. என்ற பதிவுச் சான்று 2026-ன் நடுவில் முடியவிருந்தது. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம்தான். அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, ஐந்தைந்து வருடமாகத்தான் புதுப்பிக்க வேண்டும்.

விலை விசாரிப்பதற்கு முன்னால் வண்டியைப் பட்டறையில் விட்டோம். இந்த வரிசை முக்கியம். ஷோரூமுக்கு முதலில் போனால், அங்கே மதிப்புப் போட வருபவர் சொல்லும் குறைகளே நம் மனத்தில் தங்கிவிடும். வீட்டு வாசலில் நிற்கும் வண்டி திடீரென்று கிழடாகத் தெரியும். அரியமங்கலம் பக்கம் எங்கள் பாய் பட்டறையில் ஒரு நாள் முழுக்க விட்டு, "விக்கிறதுக்காகப் பார்க்காதீங்க பாய், நாங்களே இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டுறதா நெனச்சுப் பாருங்க" என்றேன். அவரும் அப்படித்தான் பார்த்தார். இன்ஜினில் குறையில்லை. டைமிங் செயின் உள்ள இன்ஜின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. கிளட்ச் செட் முடியும் தறுவாயில். முன்பக்க லோயர் ஆர்ம் இரண்டும் ஆடுகின்றன. ஏ.சி. கண்டென்ஸரில் கசிவு. டயர் நான்கும் வருடம் கடந்தவை, ரப்பர் விறைத்துவிட்டது. இடது பக்கக் கதவடியில் துரு ஆரம்பம். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் பழைய பெட்ரோல் ஹோஸை மாற்றிவிடுவது நல்லது என்றும் எழுதிக் கொடுத்தார். டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் வரை வரும் என்றார்.

"ரெண்டு லட்சம் பெறாத வண்டிக்கு அறுபதாயிரம் போடுறதா?" என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விபோலத் தோன்றும். ஆனால் ஒப்பிட வேண்டியது வண்டியின் விலையோடு இல்லை. வண்டியை விற்றால் அடுத்து என்ன வாங்குவோமோ, அதன் செலவோடுதான். ஆறு லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 12,450 ரூபாய். பாய் சொன்ன அறுபதாயிரம் ஐந்து தவணைக்குக்கூடக் காணாது. இன்னொன்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை விலையுள்ள புதுக் காருக்கு ஆயுட்கால வரி 13 சதவீதம். ஆறு லட்ச ரூபாய்க் காருக்கு வரி மட்டும் 78,000. நம்மிடம் திரும்பி வராத பணம் அது. பழைய வண்டியை அடி முதல் நுனி வரை சரிசெய்யும் செலவை விட, புதுக் காருக்குக் கட்டும் வரியே அதிகம்.

பதிவைப் புதுப்பிப்பதற்கும் கணக்குப் போட்டோம். 2022 ஏப்ரலிலிருந்து 15 வருடம் முடிந்த காரின் பதிவை முதல்முறை புதுப்பிக்கக் கட்டணம் 5,000 ரூபாய். அதற்கு முன் 600 ரூபாயாக இருந்தது. பசுமை வரி தனி. ஆர்.சி. முடிவதற்கு 60 நாள் இருக்கும்போதிலிருந்து படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். டெல்லியில் பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த தடையைச் செய்தியில் பார்த்துவிட்டு, இங்கேயும் 15 வருடத்தோடு வண்டி குப்பைதான் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு வயது வரம்பு இல்லை. வண்டி நல்ல நிலையில் இருந்து, தகுதிச் சோதனையில் தேறினால் ஓட்டலாம். என் தங்கை தன் காரை அப்படிப் புதுப்பித்துத்தான் வைத்திருக்கிறாள். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கும் வண்டி. அவளுக்கு அது சரியான முடிவு.

பணக் கணக்கு மட்டும் என்றால் நாங்களும் வைத்துக்கொண்டிருப்போம்.

ஆனால் எங்கள் வண்டியில் ஏர்பேக் கிடையாது, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. 2011-ல் அந்த மாடலில் மேல்நிலை வகைகளில்தான் ஏர்பேக் கிடைத்தது. இந்தியாவில் எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநருக்கான ஏர்பேக் அதே வருடம் ஜூலையில். பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் அதற்கும் பிறகுதான். 2014-ல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சந்தையின் சிறிய கார்கள் ஐந்தை, ஏர்பேக் இல்லாத வகைகளில் மோதிப் பார்த்தபோது, பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்துமே பூஜ்யம் நட்சத்திரம் வாங்கின. ஐ10-உம் அதில் ஒன்று. ஊருக்குள் முப்பது நாற்பதில் போகும்போது இதை நாங்கள் பெரிதாக எண்ணியதில்லை. சமயபுரம் டோல்கேட் தாண்டி, பக்கத்தில் ஆம்னி பஸ்ஸும் டிரெய்லர் லாரியும் உரசிக்கொண்டு போகும் சாலையில் தினமும் இரண்டு வேளை, மழை நாளிலும் என்றால் விஷயமே வேறு. கிளட்சையும் லோயர் ஆர்மையும் மாற்றலாம். ஏர்பேக்கைப் பட்டறையில் வைத்துத் தர முடியாது. பாயிடம் இதைச் சொன்னதும் அவர் ஒரே வரியில் முடித்தார்: "அப்படின்னா குடுத்துடுங்கம்மா. வண்டி மேல குறையில்ல, ரோடு மாறிப்போச்சு."

ஆக, விற்பது என்று முடிவு. எப்படி விற்பது என்பது இதற்கப்புறம் வரும் தனிக் கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், பழைய வண்டியை ஷோரூமிலேயே கொடுத்துப் புதிது வாங்கினால் தரும் 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்காகவே வண்டியை விட்டுவிடத் தோன்றும்.

எக்ஸ்சேஞ்சில் நம் முன் பல எண்கள் வைக்கப்படும்: பழைய வண்டிக்கு இவ்வளவு, அதன் மேல் போனஸ் இவ்வளவு, தள்ளுபடி, இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ், கூடவே எக்ஸ்டெண்டட் வாரண்டி. ஒன்றில் ஏற்றி இன்னொன்றில் இறக்குவது அவர்களுக்கு எளிது. நாங்கள் ஒரே காருக்கு இரண்டு கொட்டேஷன் எழுத்தில் வாங்கினோம். ஒன்று, பழைய வண்டி எதுவும் கொடுக்காமல் வாங்கினால் ஆன்-ரோடு விலை என்ன? மற்றொன்று, ஐ10-ஐக் கொடுத்தால் கையிலிருந்து கட்ட வேண்டியது என்ன? முதலாவது 7 லட்சத்து 22 ஆயிரம். இரண்டாவது 5 லட்சத்து 72 ஆயிரம். அப்படியென்றால் அவர்கள் எங்கள் வண்டிக்குக் கொடுப்பது ஒன்றரை லட்சம், அவ்வளவுதான். பேச்சில் அதே வண்டிக்கு "ஒண்ணு எழுபது, மேல போனஸ் இருபத்தஞ்சு" என்று சொல்லியிருந்தார்கள். பொய் என்று சொல்லமாட்டேன். போனஸ் கொடுக்கும்போது, எக்ஸ்சேஞ்ச் இல்லாதவருக்குத் தரும் தள்ளுபடியை எடுத்துவிடுகிறார்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்தால்தான் இது தெரியும்.

பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங்கில் கேட்டதற்கு ஒன்று ஐம்பத்தைந்து சொன்னார்கள். ஆன்லைனில் வாங்கும் நிறுவனம் ஒன்று கைப்பேசியில் முதலில் காட்டிய தொகை ஆசை காட்டும்படி இருந்தது. ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதும் கன்சல்டிங் விலைக்கே இறங்கியது. கன்சல்டிங்காரர் தவறாகச் சொல்கிறார் என்றும் எண்ணக்கூடாது. அவர் வாங்கி, பாலிஷ் போட்டு, இடவாடகை கொடுத்து, விற்கும் வரை பணத்தை முடக்கி வைக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரி தன் லாபத்தின் மீது 18 சதவீதம் வரியும் கட்ட வேண்டும். சொந்தக் காரை விற்கும் தனிநபருக்கு இந்த வரி கிடையாது. இது பற்றி வாட்ஸ்அப்பில் வந்த பயமுறுத்தலை நம்பி இன்னும் சிலர் தயங்குகிறார்கள்.

விலை விஷயத்தில் காலமும் பார்க்க வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதன் மேல் இருந்த செஸ் என்ற கூடுதல் வரியும் போயிற்று. புதுக் காரின் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் கூடவே இறங்கும். நாலைந்து வருடப் பழைய கார் ஒன்றை ஏர்பேக்கோடு வாங்கலாம் என்று நாங்களும் தேடினோம். விற்பவர்கள் பலர் வரி குறைவதற்கு முந்தைய விலையையே மனத்தில் வைத்துக் கேட்டார்கள். புதுக் காருக்கும் அதற்கும் இருந்த வித்தியாசம் சுருங்கிப்போயிருந்தது. அதனால்தான் புதிதுக்கே போனோம். இது அந்த நேரத்துக் கணக்கு. இன்றைக்கு வாங்குபவர் இன்றைய இரண்டு விலைகளையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அதேபோல் இன்சூரன்ஸ் தாளில் உள்ள ஐ.டி.வி.யை, அதாவது காப்பீட்டுக்காகக் குறித்த வண்டி மதிப்பை, காட்டி "என் வண்டி மதிப்பு இவ்வளவு" என்று பேசுவதில் பலனில்லை. ஐந்து வருடம் வரைதான் தேய்மானத்துக்கு அட்டவணை உண்டு. அதற்கு மேல் கம்பெனியும் நாமும் ஒப்புக்கொள்ளும் தொகைதான் ஐ.டி.வி.; சந்தை விலையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

நேரடியாக விற்பது என்று வந்ததும் நாங்கள் செய்தது, பாய் எழுதிக் கொடுத்த குறைப் பட்டியலை அப்படியே வந்தவர்கள் கையில் கொடுத்தது. என் கணவர் இதை வேண்டாம் என்றார். "குறையை நாமளே சொன்னா விலை இறங்கும்" என்று பயம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதினான்கு வருட வண்டியில் குறை இருக்கும் என்று வாங்குபவருக்குத் தெரியும். எங்கே, எவ்வளவு என்று தெரியாததால்தான் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்கிறார். பட்டியலைப் பார்த்ததும் பேச்சு "கிளட்சுக்கு எவ்வளவு ஆகும்" என்ற அளவில் நின்றது. முதல் நாளிலிருந்து எடுத்து வைத்திருந்த சர்வீஸ் பில்களையும் காட்டினோம். மீட்டரைப் பின்னால் சுற்றியிருப்பார்களோ என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது. டிங்கரிங், பெயிண்ட் எதுவும் செய்யவில்லை. விற்பதற்கு முன் பளபளவென்று பெயிண்ட் அடித்தால், எங்கோ இடித்த வண்டியோ என்றுதான் நினைப்பார்கள். ஒரிஜினல் பெயிண்ட் கீறலோடு இருப்பதே மேல். ஏ.சி. கசிவை மட்டும் சரிசெய்தோம். திருச்சி வெயிலில் வண்டி பார்க்க வருபவர் முதலில் போடுவது ஏ.சி.யைத்தான்.

பாய்க்குத் தெரிந்த ஒரு குடும்பம் வாங்கியது. தில்லைநகரில் துணிக்கடை வைத்திருப்பவர்கள். ஊருக்குள் ஓட்டத்தான் வண்டி தேடினார்கள். ஏர்பேக் இல்லை என்பதையும், ஹைவேயில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நாங்கள் கொடுப்பதற்கு அதுதான் காரணம் என்பதையும் நான் நேரிலேயே சொன்னேன். ஆர்.சி. புதுப்பிக்க ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு முடிந்தது. ஷோரூம் கணக்கைவிட நாற்பதாயிரம் கூடுதல். அந்த நாற்பதாயிரத்துக்கு விலை இல்லாமலில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் போயின, வராமலே போன் எடுக்காமல் விட்டவர்கள் உண்டு, முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்கு வரவிட வேண்டியிருந்தது. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு, குறைந்த தொகையானாலும் எக்ஸ்சேஞ்சே நிம்மதி என்றுதான் சொல்வேன். பணத்தை வங்கி வழியாக வாங்கினோம். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை; அதற்குக் கீழே என்றாலும் கணக்கில் வந்தால் விற்றதற்குச் சாட்சி இருக்கும்.

இனி, எனக்கு இந்த விஷயத்திலேயே பெரிதாகப் படுவது: பெயர் மாற்றம். விலையில் பத்தாயிரம் போனால் போகட்டும். ஆர்.சி.யில் நம் பெயர் இருக்கும் வரை, சட்டத்தின் கண்ணில் வண்டி நம்முடையதுதான். வண்டியை விற்றுக் கைமாற்றிய பிறகும், ஆர்.சி. பெயர் மாறாத நிலையில் விபத்து நடந்தால், நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவேட்டில் இருக்கும் உரிமையாளருக்கே என்று 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வண்டி ஒருவர் கைமாறி இன்னொருவர் என்று பலரிடம் போயிருந்தது. முதலில் விற்றவர் பெயரே பதிவேட்டில் இருந்தது.

நம் ஊரில் நடப்பது என்ன? பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வியாபாரிகள் வெறும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த ஆள் கிடைக்கும்போது அவர் பெயரில் நேரே மாற்றுவார்கள். அது இரண்டு மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். வாங்குபவர் பெயர் எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்று நாங்கள் உறுதியாக இருந்தோம். கன்சல்டிங்கில் பேச்சு முறிந்ததும் அங்கேதான். மோட்டார் வாகனச் சட்டப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள் படிவம் 29-ல் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30-ல் விண்ணப்பிக்க வேண்டும். வியாபாரியிடம்தான் கொடுக்க வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரச் சான்று பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைக்கும்போது, படிவம் 29சி-யில் பதிந்துவிட்டால், அவர் கையில் வண்டி இருக்கும் காலத்துக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரம் இருக்கிறதா, 29சி போடுவீர்களா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை பார்க்கலாம்.

ஆர்.சி.யில் பழைய கடன் பதிவு இருக்கிறதா என்றும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். கடனை அடைத்தால் மட்டும் அது நீங்காது, கடன் பாக்கி இல்லை என்ற வங்கியின் என்.ஓ.சி. கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து நீக்க வேண்டும். நாங்கள் 2016-லேயே நீக்கியிருந்ததால் சிக்கல் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு, என்றைக்கோ முடிந்த கடனுக்கு, கிளை மாறிப்போன வங்கியில் புது என்.ஓ.சி. வாங்கி முடிப்பதற்குள் வந்த ஆளே போய்விட்டார். நிலுவையில் இ-சலான், அதாவது போக்குவரத்து அபராதம், இருந்தாலும் வேலை நின்றுவிடும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டாலே தெரியும்.

வண்டியை ஒப்படைத்த அன்று, தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் வைத்துக்கொண்டோம். கண்ணாடியில் இருந்த ஃபாஸ்டேக்கை நீக்கி, அந்தக் கணக்கை வங்கியில் மூடச் சொன்னோம். மூடாவிட்டால் அவர்கள் டோல்கேட் தாண்டும்போது நம் பணம் போகும், அவர்களுக்குப் புது டேக் எடுக்கவும் முடியாது.

கடைசியாக இன்சூரன்ஸ். இதை ஷோரூமில் யாரும் தாமாகச் சொல்லவில்லை. க்ளெய்ம் செய்யாததற்காகச் சேரும் நோ க்ளெய்ம் போனஸ் (என்.சி.பி.) என்ற பிரீமியத் தள்ளுபடி வண்டியோடு போவதில்லை, உரிமையாளருக்குச் சொந்தம். தொடர்ந்து ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லையென்றால் அது 50 சதவீதம் வரை போகும். பழைய வண்டியை விற்றதற்கான ஆதாரத்தைக் கொடுத்து கம்பெனியிடம் என்.சி.பி. கடிதம் வாங்கினால், மூன்று வருடத்துக்குள் வாங்கும் காரின் ஓன் டேமேஜ் (நம் வண்டிச் சேதத்துக்கான) பிரீமியத்தில் அந்தச் சலுகை கிடைக்கும். பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் கிடைக்காது. புதுக் காருக்கு ஷோரூம் போட்ட முதல் இன்சூரன்ஸ் தொகையில் என்.சி.பி. என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. கடிதத்தைக் காட்டியதும் மாற்றிப் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கியவர்களிடமும், பாலிசியை 14 நாளுக்குள் தங்கள் பெயருக்கு மாற்றச் சொன்னோம். தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு தானாக மாறினாலும், அவர்கள் வண்டிக்கு அடிபட்டால் க்ளெய்ம் கிடைக்க அது வேண்டும். சலுகை எங்களோடு வந்துவிட்டதால் மீதிக் காலத்துக்கு அவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. அதை விலை பேசும்போதே சொல்லிவிட்டதால் மனக்கசப்பு வரவில்லை.